'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' ஒரு பதிலா?

உங்க வீட்டு வைஃபையை போன்ல தேடினா ரெண்டு பேர் வருதா? ஒண்ணு சாதாரணமா இருக்கும். இன்னொண்ணு அதே பேருக்குப் பின்னாடி '5ஜி' என்று ஒட்டிக்கொண்டு இருக்கும். அந்த 5ஜிக்கும், போன் திரையின் மேல் ஓரத்தில் தெரிகிற 5ஜிக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சம்பந்தமும் இல்லை. ரவுட்டரில் இருப்பது 5 ஜிகாஹெர்ட்ஸ், அதாவது ஓர் அதிர்வெண். போனில் இருப்பது ஐந்தாம் தலைமுறை. ஒண்ணு அலை எவ்வளவு வேகமா அதிருது என்று சொல்கிறது. இன்னொண்ணு செல்போன் தொழில்நுட்பம் எத்தனையாவது தலைமுறைக்கு வந்திருக்கு என்று சொல்கிறது. ரெண்டுக்கும் 'ஜி' என்று எழுதித் தொலைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஈசிஇ, ஈஇஇ, சிஎஸ்இ படிக்கிற நமக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஆனால் இதே விஷயம் தெரியாததால் என் பெரியம்மா ஒரு புது ரவுட்டர் வாங்கினார். புதுசா 5ஜி போன் வாங்கியிருந்தார். "உங்க பழைய ரவுட்டர்ல 5ஜி வராதும்மா, போன் வேகமா வேலை செய்யாது" என்று அவர்கள் ஊர்க் கடையில் சொல்லியிருக்கிறார்கள். பழைய ரவுட்டர் நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிற இணைய பிளான் 40 எம்பிபிஎஸ். ரவுட்டரை மாற்றினாலும் வருவது அதே 40தான். குழாயை மாத்தினா தொட்டில தண்ணி கூடுமா?

அந்த வீட்டில் இன்ஜினியரிங் முடித்தவர்கள் ரெண்டு பேர் இருக்கிறார்கள். என்னைச் சேர்த்தால் குடும்பத்தில் நாலு பேர். அதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

என் கருத்து இதுதான்: ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு, அவர்கள் பேசுகிற தமிழில், அவர்கள் கேட்கிற நேரத்தில் விளக்குவது நம் படிப்பின் ஒரு பகுதி. அது பொழுதுபோக்கு இல்லை, தொண்டும் இல்லை. இப்போது நாம் தருகிற ஒரே பதில் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க". ரீஸ்டார்ட் பண்ணா சில நேரம் சரியாயிடும், உண்மைதான். ஆனா கேட்டவங்களுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. அடுத்த தடவையும் நம்மையோ கடைக்காரரையோதான் தேடணும்.

புரியாமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு

புரியாததால் போவது முதலில் பணம். மூணு உதாரணம் தருகிறேன். மூணுமே கடைக்குப் போனா தினமும் பார்க்கிறதுதான்.

முதலாவது, இந்த எம்பிபிஎஸ். தமிழில் எழுதினால் டாக்டர் படிப்பு மாதிரியே இருக்கிறது, அது வேற கதை. '100 எம்பிபிஎஸ் பிளான்' என்றால் நொடிக்கு 100 மெகாபிட். நாம் படத்தின் அளவையும் போட்டோவின் அளவையும் பார்ப்பது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான். 1 ஜிபி படம் இறங்க எல்லாம் சரியாக இருந்தாலே 80 நொடி ஆகும். "100 போட்டிருக்கேன், ஏன் பத்து செகண்ட்ல இறங்கலை?" என்று சண்டை போடுகிறவருக்கு, எட்டால் வகுத்துக் காட்டினால் போதும். சண்டையே வராது.

இரண்டாவது, பவர் பேங்க். பெட்டியின் மேல் பெரிசா 10,000 எம்ஏஎச். போன் பேட்டரி 5,000. "அப்போ ரெண்டு தடவை ஃபுல் சார்ஜ் ஏறும்" என்று எல்லாரும் கணக்குப் போடுவார்கள். ஏறாது. அந்த 10,000 என்பது உள்ளே இருக்கிற செல்லின் கணக்கு, சுமார் 3.7 வோல்ட்டில். வெளியே வரும்போது அது 5 வோல்ட்டாக உயர்த்தப்படுகிறது. வோல்ட் கூடினால் எம்ஏஎச் குறையும். 10,000 அங்கேயே 7,400 ஆகிவிடும். அப்புறம் சூடாகி வீணாவது கொஞ்சம், போனுக்குள் ஏறும்போது வீணாவது கொஞ்சம். பெட்டியைத் திருப்பினால் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று 6,000-ஐ ஒட்டி ஒரு எண் இருக்கும். அதுதான் நம் கைக்கு வருவது. கடைக்குப் போகிற தம்பிக்கு இந்த ஒரு வரி தெரிந்தால் போதும்: முன்பக்கம் பார்க்காதே, பின்பக்கம் பார்.

மூன்றாவது, டைப்-சி கேபிள். டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டும்தான். உள்ளே என்ன ஓடுகிறது என்பது வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு கேபிளில் ஒன்று நொடிக்கு 480 மெகாபிட் கடத்தும், இன்னொன்று 10 ஜிகாபிட் கடத்தும். சார்ஜிங்கும் அப்படித்தான். சார்ஜர், கேபிள், போன் மூணும் ஒத்துப்போனாத்தான் வேகம் வரும். ஒண்ணு மெதுவானதா இருந்தா அந்த வேகம்தான் கிடைக்கும். இதைச் சொல்லாமல் "நல்ல சார்ஜர் வாங்குங்க" என்றால், அவர்கள் சார்ஜரை மாற்றிவிட்டு அதே பழைய கேபிளில்தான் போடுவார்கள்.

இடம் மாறிய பயம்

பணத்தை விடப் பெரிய விலை பயம். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, 5ஜி சோதனையால்தான் நோய் பரவுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. இரண்டுக்கும் தொடர்பில்லை, இந்தியாவில் 5ஜி சோதனை அப்போது எங்கும் தொடங்கவே இல்லை என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை அறிக்கை விட வேண்டியிருந்தது. இங்கே 5ஜி சேவை தொடங்கியது 2022 அக்டோபர் 1-ல்தான். 2020-ல் பிரிட்டனில் இதே வதந்தியை நம்பி டவர்களுக்குத் தீயே வைத்தார்கள்.

சிரிக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடம்பைத் தாண்டிப் போகிறது என்றால் பயம் வருவது இயல்பு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்? நாம்தான். எப்படிச் சொல்லலாம்?

ரேடியோ அலையும் வெளிச்சமும் ஒரே குடும்பம். அதிர்வெண் கூடக் கூட அந்த அலையின் ஒவ்வொரு துளியிலும் சக்தி கூடும். எக்ஸ்ரே மாதிரி மேலே இருப்பவற்றுக்குத்தான் நம் உடம்பின் மூலக்கூறுகளை உடைக்கிற சக்தி உண்டு. நம் ஊரில் அதிகம் ஓடுகிற 5ஜி 3.3 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தின் அதிர்வெண் அதைப் போல லட்சம் மடங்குக்கும் மேல். டியூப்லைட் வெளிச்சத்துக்கே இல்லாத அந்தச் சக்தி 5ஜி அலைக்கு எங்கிருந்து வரும்?

இதோடு நிறுத்தினால் அது பாதி உண்மை. ரேடியோ அலைக்குச் சூடாக்கும் குணம் உண்டு. அதனால்தான் போனுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் உடல் திசு ஒரு கிலோவுக்கு 1.6 வாட். *#07# என்று அடித்தால் பெரும்பாலான போன்களில் அந்த எண் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் ரேடியோ அலையை 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உள்ளவை' என்ற பட்டியலில் சேர்த்தது. அதையும் மறைக்காமல் சொல்லணும். ஆதாரம் உறுதியாக இல்லாதவை இருக்கிற பட்டியல் அது என்பதையும், கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லணும். மறைச்சா நம்பிக்கை போயிடும். பாதி சொன்னா பயம் கூடிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டவரைப் பார்த்துப் பயப்படுபவர்கள் ஒரு புள்ளி சிக்னலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். டவர் தூரத்தில் இருந்தால் போன் அதிக சக்தியில் 'கத்தி'ப் பேச வேண்டும். பக்கத்தில் இருந்தால் மெதுவாகப் பேசினால் போதும். சிக்னல் குறைவான இடத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சொல்லிவிட்டு, "நீளமா பேசறதா இருந்தா இயர்போன்ல பேசுங்க" என்றால் யாரும் கேட்பார்கள்.

பயம் இருக்க வேண்டிய இடம் வேறு. 'பணம் அனுப்பியிருக்கேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, வந்துடும்' என்று ஒருவன் போனில் சொன்னால், அங்கேதான் பயப்பட வேண்டும். யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பணப் பரிமாற்றத்தில் பின் போடுவது கதவைத் திறந்து பணத்தை வெளியே அனுப்புவதற்குத்தான். ஏடிஎம் கார்டிலும் இப்படி ஒன்று உண்டு. வைஃபை குறி மாதிரி நாலு வளைவு போட்ட கார்டு என்றால் 5,000 ரூபாய் வரைக்கும் பின் போடாமலே தட்டிப் பணம் கட்டலாம். அது வேலை செய்யும் தூரம் நாலு செண்டிமீட்டர் போல. வேண்டாமென்றால் வங்கி ஆப்பில் அணைத்து வைக்கலாம். இதெல்லாம் அப்பா அம்மாவுக்குத் தெரியுமா? இன்னைக்குச் சாப்பிடும்போது கேட்டுப் பாருங்க.

எப்படி விளக்குவது?

"தமிழ்ல சொல்ல வார்த்தை வரலையே" என்பது நம் வழக்கமான சாக்கு. நானும் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம்தான். 'அலைநீளம்' என்ற சொல்லே காலேஜ் வந்த பிறகுதான் எனக்குப் பழக்கமாயிற்று. ஆனால் தடை வார்த்தையில் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வருமே, வைஃபை என்றால் அருகலை, ப்ளூடூத் என்றால் ஊடலை, ஹாட்ஸ்பாட் என்றால் பகிரலை என்று. அழகான சொற்கள், எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்த ஒருவருக்கும் தன் வீட்டுப் படுக்கையறையில் அருகலை ஏன் வரவில்லை என்று தெரியாது. பெயர் வைப்பது வேறு, விளக்குவது வேறு.

'அலைக்கற்றை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஒண்ணாவது ரெண்டாவது படிக்கும்போது 2ஜி செய்திகளால் அந்தச் சொல் டீக்கடை வரைக்கும் போய்விட்டது. தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் இருந்த ஒரு கலைச்சொல் அது. ஆனால் அலைக்கற்றை என்றால் என்ன, அதை ஏன் பங்கு போட வேண்டியிருக்கிறது என்று கேட்டால்? ஒரே அறையில் பத்து ஜோடி ஒரே நேரத்தில் பேசினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஆளுக்கு ஒரு அறை கொடுத்துவிட்டால் புரியும். அந்த அறைகள்தான் அலைக்கற்றை. மொத்த அறைகளும் எண்ணிப் பார்த்தால் கொஞ்சம்தான். அதனால்தான் ஏலம். ரெண்டு நிமிஷம் ஆகாது இதைச் சொல்ல.

வைஃபை படுக்கையறைக்கு வராததற்கு வருவோம். கோயில் திருவிழாவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஸ்பீக்கர் கட்டியிருப்பாங்க. கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தா பாட்டோட வரி கேக்காது, 'டும் டும்' மட்டும் கேக்கும். தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டி வருது, கீச்சென்ற ஒலி நின்னுடுது. ரவுட்டரின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அந்த 'டும் டும்' மாதிரி: தூரம் போகும், சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 ஜிகாஹெர்ட்ஸ் கீச்சுக்குரல் மாதிரி: வேகம் அதிகம், சுவர் வந்தால் சோர்ந்துவிடும். ஒலியும் ரேடியோவும் ஒன்றல்ல என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஆனா எந்த அறைக்கு எதை செலக்ட் பண்ணணும் என்று முடிவெடுக்க இந்த உவமை போதும். ஹாலில் டிவிக்கு 5, உள்ளறைக்கு 2.4. ரவுட்டரை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னாடியோ டிவிக்குப் பின்னாடியோ ஒளித்து வைக்காதீர்கள், இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும். வீட்டுக்கு நடுவில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். காசு செலவே இல்லாத ரிப்பேர்.

ப்ளூடூத்தும் அதே 2.4-ல்தான் ஓடுகிறது. அப்புறம் ஏன் வைஃபையோடு முட்டிக்கொள்வதில்லை? பிறந்ததிலிருந்து அது செய்கிற தந்திரம் ஒன்று உண்டு: அறை மாறி மாறிப் பேசுவது. பழைய ப்ளூடூத் முறையில் 79 அலைவரிசைகளுக்குள் நொடிக்கு 1,600 முறை தாவுவார்கள். எந்த வரிசையில் தாவுவது என்று இயர்பட்ஸுக்கும் போனுக்கும் மட்டும் தெரியும். முதல் தடவை 'பேர்' பண்ணும்போது ரெண்டும் அறிமுகமாகி ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்து வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் அடுத்த தடவை கேட்காமலே சேர்ந்துகொள்கின்றன. இப்படித் தாவுகிற யோசனைக்கு 1942-லேயே காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகை. இந்தக் கதையைச் சொன்னால் பாட்டிகூட உட்கார்ந்து கேட்பார்.

"அதான் யூடியூப்ல இருக்கே"

இதுதான் எனக்கு எப்போதும் வருகிற எதிர்வாதம். தமிழில் நல்ல டெக் சேனல்கள் இருக்கின்றன, நானும் பார்க்கிறேன். ஆனால் பெரும்பாலான வீடியோக்கள் பதில் சொல்வது 'எதை வாங்கலாம்?' என்ற கேள்விக்கு. கீழேயே வாங்குவதற்கான லிங்க் இருக்கும். நம் வீட்டாரின் கேள்வி பெரும்பாலும் 'இருக்கறதை எப்படிச் சரியா பயன்படுத்தறது?' என்பது. அதில் யாருக்கும் கமிஷன் இல்லை. அதோடு, உங்க வீட்டுச் சுவர் எத்தனை இஞ்ச், பீரோ எங்கே இருக்கு என்று எந்த யூடியூபருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

தமிழில் இப்படி விளக்கியவர்கள் இல்லாமல் இல்லை. சுஜாதா குரோம்பேட்டை எம்ஐடியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், பெங்களூரு பிஇஎல்லில் இன்ஜினியராக வேலை பார்த்தவர். வேலையையும் பார்த்துக்கொண்டு, ஜூனியர் விகடனில் வாசகர் கேள்விகளுக்கு 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று பதில் எழுதினார். கேட்டவரை மட்டம் தட்டாமல், அதே நேரத்தில் விஷயத்தை நீர்த்துப்போகச் செய்யாமல் எழுத முடியும் என்று காட்டினார். 2008-ல் அவர் மறைந்தார். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் ஸ்மார்ட்போனே கிடையாது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து வயர்லெஸ் கருவி இருக்கிறது. விளக்க வேண்டியது பல மடங்கு கூடியிருக்கிறது. வருஷா வருஷம் வெளியே வருகிற இன்ஜினியர்களும் லட்சக்கணக்கில் கூடியிருக்கிறோம்.

இதில் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வைவாவில் 'ஃப்ரீக்வென்சி ஹாப்பிங் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம்' என்று சொன்னால் மார்க் கிடைக்கும். அது புரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அத்தை கேட்பார். "சரிடா, ஆனா ஏன் தாவணும்? ஒரே இடத்துல இருந்தா என்ன?" என்று கேட்பார். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்காத கேள்வி அது. இங்கிலீஷ் வார்த்தைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க அங்கே வழியில்லை. தமிழில் சொல்ல முடிந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று நம்பலாம். இன்டர்வியூவில் 'எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதுன்னு வெச்சுக்கிட்டு எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்க' என்று கேட்கும்போது இந்தப் பழக்கம் நேரடியாகக் கைகொடுக்கும்.

அதனால் துறைக்கும் ஜூனியர்களுக்கும் ஒரு யோசனை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எண்பது பக்கம் எழுதுகிறோம். அதோடு தமிழில் ஒரே ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லலாம்: இந்தக் கருவி என்ன செய்யும், எப்படிச் செய்யும், எதைச் செய்யாது. அதை மதிப்பிட ஹெச்ஓடி வேண்டாம். மெஸ் அக்காவோ, கேட் செக்யூரிட்டி அண்ணாவோ, உங்க அம்மாவோ படித்துவிட்டு 'புரிஞ்சுது' என்று சொன்னால் பாஸ். சிம்போசியத்தில் பேப்பர் பிரசன்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, 'உங்க போன், உங்க கேள்வி' என்று எழுதி வைத்து உட்காரலாம். செலவு ஒரு சார்ட் பேப்பர்.

அதுவரைக்கும் வீட்டில் தொடங்கலாம். நான் கடைப்பிடிக்கிற விதிகள் மூணுதான். கேள்வி கேட்டா சிரிக்கக் கூடாது. ஒரு நேரத்துல ஒரு விஷயம்தான். முக்கியமா, போனை அவங்க கையிலிருந்து பிடுங்கக் கூடாது. அவங்களே அழுத்தணும், அவங்களே தப்பா அழுத்திட்டுத் திரும்ப வரணும். நாம நாலு செகண்ட்ல முடிக்கறது அவங்களுக்கு நாலு நிமிஷம் ஆகும். நமக்கு அ, ஆ எழுதக் கத்துக்கொடுத்தப்போ அவங்க பென்சிலைப் பிடுங்கியிருந்தா இன்னைக்கு இதைப் படிச்சிட்டு இருப்போமா?